வழக்கறிஞர் அல்லாத பிரதிநிதியிடம் இயலாமை மேல்முறையீட்டை ஒப்படைத்தோம்: ஒரு சேவை மதிப்புரை

அமெரிக்காவின் மிஷிகன் மாநிலத்தில் டெட்ராய்ட் நகரை ஒட்டிய புறநகர் ஒன்றில் வசிக்கிறோம். வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் பதினோரு ஆண்டுகள் தரச் சோதகராக இருந்த என் கணவருக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் நரம்பு நோய் முற்றியதால், 2022 மார்ச்சில் வேலையை விட்டார். அதே ஆண்டு ஆகஸ்டில் சோஷியல் செக்யூரிட்டி என்னும் அரசின் சமூகப் பாதுகாப்பு நிர்வாகத்திடம் இயலாமை உதவித்தொகைக்கு விண்ணப்பித்தோம். முதல் விண்ணப்பமும் மறுபரிசீலனையும் அடுத்தடுத்து மறுக்கப்பட்டன. மூன்றாம் படியான நீதிபதி விசாரணையில் 2025 ஜனவரியில் முழுமையாக எங்களுக்குச் சாதகமான தீர்ப்பு வந்தது. அந்த மூன்றாம் படியில் எங்களுக்காக வாதாடியவர் வழக்கறிஞர் அல்லர். மாநில அரசின் இயலாமை மதிப்பீட்டு அலுவலகத்தில் நெடுங்காலம் விண்ணப்பங்களைப் பரிசீலித்துவிட்டு, இப்போது விண்ணப்பதாரர்களின் பக்கம் நின்று வேலை செய்யும் ஒரு பெண்மணி. இந்த மதிப்புரை அவருடைய சேவையைப் பற்றியது. ஒற்றை அறை அலுவலகத்தில் அளவான எண்ணிக்கையில் மட்டுமே வழக்குகளை எடுப்பவர் என்பதால் பெயரைத் தவிர்க்கிறேன். அவரைப் போல உரிமை பெற்றவர்கள் நாடெங்கும் இருக்கிறார்கள். அவர்களை எப்படி மதிப்பிடுவது என்பதற்காவது இது உதவட்டும்.

வழக்கறிஞர் அல்லாதவர் இப்படி வாதாடலாமா என்று எங்களிடம் கேட்காத உறவினர் இல்லை. வாதாடலாம். நன்னடத்தை உள்ளவர், பயனுள்ள உதவி செய்யக்கூடியவர், தடை விதிக்கப்படாதவர் எவரையும் விண்ணப்பதாரர் தம் பிரதிநிதியாக நியமித்துக்கொள்ள இந்நாட்டு விதிகள் அனுமதிக்கின்றன. 1696 என்ற எண்ணுள்ள படிவத்தில் இருவரும் கையெழுத்திட்டு நிர்வாகத்திடம் கொடுத்தால் நியமனம் முடிந்துவிடும். ஆனால் வழக்கறிஞர் அல்லாதவர்களுக்குள்ளேயே ஒரு முக்கியமான பிரிவு உண்டு. தங்கள் கட்டணத்தை, வென்றால் விண்ணப்பதாரருக்குச் சேர வேண்டிய கடந்த மாதங்களின் நிலுவைத் தொகையிலிருந்து நிர்வாகமே பிடித்து நேரடியாகத் தர வேண்டுமென்றால், அவர்கள் இளங்கலைப் பட்டமோ அதற்கு இணையான பயிற்சியும் அனுபவமுமோ பெற்றிருக்க வேண்டும். நிர்வாகம் நடத்தும் எழுத்துத் தேர்வில் தேற வேண்டும். குற்றப் பின்னணிச் சோதனைக்கு உட்பட வேண்டும். தொழில் பொறுப்புக் காப்பீடு வைத்திருக்க வேண்டும். தொடர்கல்வியும் பெற்றுக்கொண்டே இருக்க வேண்டும். 2004ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் சோதனை முயற்சியாகத் தொடங்கிய இந்த ஏற்பாட்டை 2010ஆம் ஆண்டுச் சட்டம் நிரந்தரமாக்கியது. எங்கள் பிரதிநிதி இந்தத் தகுதி பெற்றவர். முதல் தொலைபேசி அழைப்பிலேயே நாங்கள் கேட்காமல் அவரே அதைச் சொன்னார். வழக்கறிஞர் என்ற சொல்லே நேர்மைக்குச் சான்று என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: பொய்யான மருத்துவச் சான்றுகளால் பெரும் மோசடி செய்ததையும், நீதிபதி ஒருவருக்குச் சட்டவிரோதமாகப் பணம் கொடுத்ததையும் 2017இல் ஒப்புக்கொண்ட கென்டக்கியின் எரிக் கான் முறையாகப் பட்டம் பெற்ற வழக்கறிஞர்தான்.

இவரிடம் வருவதற்கு முன் முதல் இரண்டு படிகளில் தொலைக்காட்சி விளம்பரம் தரும் பெரிய நிறுவனம் ஒன்றிடம் இருந்தோம். அங்கே ஒவ்வொரு முறையும் வேறு ஒருவர் பேசினார். அன்றாட வாழ்க்கையைப் பற்றிய கேள்விப் படிவத்தை அஞ்சலில் அனுப்பி, நிரப்பித் திருப்பி அனுப்பச் சொன்னார்கள். யாரும் எங்களோடு உட்கார்ந்து விளக்கவில்லை. சமைப்பீர்களா என்ற கேள்விக்கு என் கணவர் ஆம் என்று எழுதினார். அது பொய்யன்று. வாரத்தில் இரண்டு நாள், அடுப்பருகே உயரமான முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, மூன்று தோசை வார்ப்பார். அதன் பிறகு ஒரு மணி நேரம் படுத்துக் கிடப்பார். படிவத்தில் முக்காலியும் இல்லை, படுக்கையும் இல்லை. மறுப்புக் கடிதத்தில் அவர் உணவு தயாரிக்கிறார், கார் ஓட்டுகிறார் என்பவை வேலை செய்யும் திறனுக்குச் சான்றாகக் காட்டப்பட்டிருந்தன. படித்து முடித்தபோது எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்தே வந்தன.

புதிய பிரதிநிதி முதல் சந்திப்பில் கேட்ட முதல் கேள்வி நோயைப் பற்றியதன்று. பழைய நிறுவனம் தன் கட்டண உரிமையை விட்டுக்கொடுத்து எழுத்தில் தந்துவிட்டதா என்பதுதான். அப்படித் தராமல் ஒரு பிரதிநிதி விலகினால், எளிய கட்டண ஒப்பந்த முறை தடைபட்டு, ஒவ்வொருவரும் செலவிட்ட நேரத்தைக் கணக்குக் காட்டி விண்ணப்பிக்கும் நீண்ட வழிக்குப் போக நேரும். அந்த எழுத்தைப் பெற மூன்று வாரம் ஆனது. அதற்கிடையே, மறுப்புக் கடிதம் கிடைத்த நாளிலிருந்து 60 நாளுக்குள் விசாரணை கோர வேண்டும் என்ற கெடுவைத் தவறவிடாமல் அவரே மனுவைப் பதிவு செய்துவிட்டார். கடிதம் வந்துசேர 5 நாள் என்று விதி ஊகித்துக்கொண்டாலும், அந்த 5 நாளை எண்ணி எவரும் காத்திருக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார்.

அடுத்து அவர் செய்ததுதான் இந்தச் சேவையின் உயிர் என்று நினைக்கிறேன். நிர்வாகத்தின் மின்னணுக் கோப்பைத் திறந்து, அதுவரை சேர்ந்திருந்த மருத்துவக் குறிப்புகள் அனைத்தையும் பக்கம் பக்கமாகப் படித்தார். நரம்பியல் மருத்துவரின் குறிப்புகளில் ஏறக்குறைய ஒவ்வொரு வருகையிலும் நோயாளி நன்றாக இருப்பதாகச் சொல்கிறார் என்ற வரி இருந்தது. ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று என் கணவரிடம் கேட்டார். என் கணவருக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. எப்படி இருக்கிறீர்கள் என்று ஒரு பெரிய மனிதர் கேட்டால், பரவாயில்லை, நன்றாக இருக்கிறேன் என்று சொல்லித்தானே வளர்ந்திருக்கிறோம்? திருநெல்வேலியில் மாமனார் இதய அறுவை சிகிச்சை முடிந்து கண் விழித்ததும் சொன்ன முதல் சொல்லும் அதுதான். நம் வீடுகளில் மரியாதையாக இருக்கும் அந்த ஒரு சொல், இங்கே கோப்பில் ஏறியதும் சாட்சியமாக மாறிவிடுகிறது. அதை எங்களுக்கு விளக்க அவர் ஒரு முழு மணி நேரம் செலவிட்டார். நோயை மிகைப்படுத்தும்படி ஒருமுறைகூட அவர் சொல்லவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன். எத்தனை நிமிடம் நிற்க முடிகிறது, பகலில் எத்தனை முறை படுக்கிறார், இந்த வாரம் எந்தக் கையிலிருந்து டம்ளர் நழுவியது என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி, அதை மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டச் சொன்னார். எட்டு மாதக் குறிப்புகள் சேர்ந்தன. மருத்துவரின் பதிவுகளும் அதற்கேற்பத் தெளிவடைந்தன.

மருத்துவரின் கடிதத்தைப் பற்றியும் நாங்கள் தவறாகவே நினைத்திருந்தோம். இவரால் வேலை செய்ய இயலாது என்று மருத்துவர் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும் என்று நம் நண்பர்கள் பலரும் நம்புகிறார்கள். அந்த முடிவு நிர்வாகத்துக்கு மட்டுமே உரியது என்பதால் அந்த வரிக்கு எடை இல்லை. 2017 மார்ச் 27 முதல் பதிவான விண்ணப்பங்களில், நெடுநாள் சிகிச்சை தந்த மருத்துவரின் கருத்து என்பதற்காக அதற்குத் தனி முன்னுரிமையும் கிடையாது. பரிசோதனை முடிவுகள் அதைத் தாங்குகின்றனவா, மற்றப் பதிவுகளோடு அது ஒத்துப்போகிறதா என்பவையே முதன்மையாகப் பார்க்கப்படுகின்றன. எனவே பிரதிநிதி இரண்டு பக்கக் கேள்வித்தாள் ஒன்றைத் தயாரித்து நரம்பியல் மருத்துவருக்கு அனுப்பினார். எட்டு மணி நேர வேலை நாளில் எவ்வளவு நேரம் உட்காரலாம், எவ்வளவு எடை தூக்கலாம், மாதத்தில் எத்தனை நாள் வேலைக்கு வர முடியாமல் போகும், ஒவ்வொரு பதிலுக்கும் எந்த எம்.ஆர்.ஐ. அல்லது எந்தப் பரிசோதனை ஆதாரம் என்று அதில் கேட்டிருந்தார். மருத்துவர் அதை நிரப்பித் தர ஏழு வாரம் எடுத்தார். விசாரணைக்கு 5 வேலை நாட்களுக்கு முன் ஆதாரங்களைக் கொடுத்துவிட வேண்டும், இல்லையேல் அவை வரவிருப்பதையாவது எழுதித் தெரிவிக்க வேண்டும் என்ற விதி இருப்பதால், அந்த ஏழு வாரமும் எங்களுக்கு வயிற்றில் நெருப்பாகவே இருந்தது.

அவருடைய நேர்மையை நான் உணர்ந்த தருணம் ஒன்று உண்டு. விசாரணைக்கு இரண்டு மாதம் முன், 2024 ஆகஸ்டில், என் கணவருக்கு 50 வயது நிறைந்தது. இந்தத் திட்டத்தில் 50 என்பது ஒரு வாசல். உட்கார்ந்து செய்யும் வேலை மட்டுமே செய்யக்கூடியவர், பழைய வேலைக்குத் திரும்ப முடியாதவர், வேறு வேலைக்குக் கொண்டுபோகத்தக்க தேர்ச்சி இல்லாதவர் என்று முடிவானால், அந்த வயதிலிருந்து விதிகளின் அட்டவணையே பெரும்பாலும் சாதகமாகத் தீர்த்துவிடும். இயலாமை தொடங்கிய நாளைப் பிறந்தநாளுக்கு மாற்றிக்கொள்ளச் சம்மதமா என்று சில நீதிபதிகள் கேட்பதுண்டு, சம்மதித்தால் வெற்றி எளிது, ஆனால் 2022 முதலான நிலுவை முழுவதும் போய்விடும் என்று விளக்கினார். பிறகு, நிலுவை இல்லாவிட்டால் தமக்குக் கட்டணம் கிடைக்காது, ஆகவே இந்த விஷயத்தில் தம் ஆலோசனையை மட்டும் நம்ப வேண்டாம், இருவரும் வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள் என்றார். நாங்கள் மாற்றாமலே நின்றால் பிறந்தநாளிலிருந்தாவது நீதிபதி தாமாகவே ஏற்க வழி உண்டு என்பதையும் சேர்த்தே சொன்னார். நாங்கள் மாற்றவில்லை. தம் நலன் எங்கே இருக்கிறது என்பதைத் தாமே எடுத்துச் சொல்லிவிட்டு ஆலோசனை தருபவரை நான் அதிகம் சந்தித்ததில்லை.

விசாரணை 2024 அக்டோபரில் காணொளி வழியே நடந்தது. என் கணவர் ஆங்கிலம் பேசுவார். ஆனால் களைப்பு ஏறினால் சொற்கள் கிடைக்காமல் தடுமாறுவார். நிர்வாகம் இலவசமாக மொழிபெயர்ப்பாளரைத் தரும் என்பதால், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று பிரதிநிதி முன்பே கேட்டு வைத்தார். அவருக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. எனினும் நோயை என் கணவர் வீட்டில் எந்தச் சொற்களால் சொல்கிறார் என்று என்னிடம் பட்டியல் கேட்டார். மதமதப்பு, மரத்துப்போதல், சுள்ளென்று குத்துதல், அசதி, தளர்ச்சி என்று எழுதிக் கொடுத்து, ஒவ்வொன்றும் உடலில் எப்படி இருக்கும் என்று விளக்கினேன். விசாரணையில் என் கணவர் கால் இரண்டும் மதமதவென்று இருக்கிறது என்றபோது மொழிபெயர்ப்பாளர் ஒரு கணம் தயங்கி, கால் கனமாக இருப்பதாகச் சொன்னார். பிரதிநிதி உடனே நீதிபதியின் அனுமதி பெற்று, தரையை மிதிப்பது தெரிகிறதா, செருப்பு கழன்றால் உணர முடிகிறதா என்று துணைக் கேள்விகள் கேட்டு, உணர்விழப்பு என்பதைப் பதிவில் ஏற்றினார். அந்தப் பட்டியல் இல்லையென்றால் அந்தத் திருத்தம் நடந்திருக்காது.

தொழில் நிபுணரை அவர் குறுக்குவிசாரணை செய்த விதமும் சொல்லத்தக்கது. நீதிபதி கற்பனையாக ஒரு தொழிலாளியின் வரம்புகளை விவரித்து, அவருக்கு நாட்டில் வேலை உண்டா என்று கேட்பார். நிபுணர் வேலைகளின் பெயரையும் எண்ணிக்கையையும் சொல்வார். இதற்கு ஆதாரமாக இருக்கும் தொழில் அகராதி 1991க்குப் பிறகு திருத்தப்படாத ஒன்று. கடித உறைகளில் முகவரி எழுதும் வேலை போன்ற வழக்கொழிந்த சிலவற்றைக் கூடுதல் சான்று இல்லாமல் சார்ந்து மறுக்கக் கூடாது என்று 2024 கோடையில்தான் நிர்வாகம் அறிவுறுத்தியது. அந்தப் பட்டியலை எங்கள் பிரதிநிதி அச்சிட்டு அருகே வைத்திருந்தார். அது தேவைப்படவில்லை. அவர் கேட்ட கேள்விகள் இரண்டே: அந்தத் தொழிலாளி மாதத்தில் இரண்டு நாளுக்கு மேல் வராமல் போனால் என்ன ஆகும், வேலை நேரத்தில் 15 சதவீதம் படுத்து ஓய்வெடுக்க நேர்ந்தால் என்ன ஆகும்? இரண்டுக்கும் வேலை எதுவும் இராது என்று நிபுணர் பதில் சொன்னார். அந்த இரண்டு எண்களுக்கும் மருத்துவரின் கேள்வித்தாளும் என் கணவரின் நோட்டுப் புத்தகமும் ஏற்கெனவே கோப்பில் ஆதாரமாக இருந்தன. தீர்ப்பில் நீதிபதி இரண்டையும் சுட்டிக்காட்டியிருந்தார்.

கட்டணத்தைப் பற்றி வெளிப்படையாகவே எழுதுகிறேன். வெற்றி பெற்றால் மட்டுமே கட்டணம். நிலுவைத் தொகையில் 25 சதவீதம், அல்லது நிர்வாகம் நிர்ணயித்த உச்சவரம்பு, இவற்றில் எது குறைவோ அது. உச்சவரம்பு 2022 நவம்பர் 30 முதல் 7,200 டாலராகவும், 2024 நவம்பர் 30 முதல் 9,200 டாலராகவும் இருந்தது. தீர்ப்பு வரும் நாளின் உச்சவரம்பே பொருந்தும் என்று எங்கள் ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. தீர்ப்பு ஜனவரியில் வந்ததால் 9,200 டாலர் பிடிக்கப்பட்டது. வழக்கறிஞருக்கும் இதே வரம்புதான் என்பதால், வழக்கறிஞர் அல்லாதவரிடம் போனால் மலிவு என்று யாரும் எண்ண வேண்டாம். கட்டணத்தை அனுப்பும் பணிக்காக நிர்வாகம் பிடிக்கும் சிறு தொகை பிரதிநிதியின் பங்கிலிருந்தே போகிறது. நம்மிடம் அதைக் கேட்கக் கூடாது. மருத்துவப் பதிவுகளைப் பெற்ற செலவை மட்டும் தனியாக ரசீதுகளோடு கேட்டார், கொடுத்தோம். நிர்வாகத்தின் அனுமதி இல்லாமல் எந்தப் பிரதிநிதியும் கட்டணம் வாங்க முடியாது என்பதால், முன்பணம் கேட்பவரிடம் அந்தப் பணம் எந்தக் கணக்கில் பாதுகாக்கப்படும் என்று கேளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

குறைகளும் இருந்தன. அவர் வாரத்தில் இரண்டு நாள் மட்டுமே தொலைபேசியில் பேசுவார். மற்ற நாட்களில் செய்தி விட்டால் பதில் வர நான்கைந்து நாள் ஆகும். காத்திருக்கும் குடும்பத்துக்கு அது நீண்ட நேரம். மெடிகேர் என்னும் அரசு மருத்துவக் காப்பீட்டைப் பற்றி அவர் எதையுமே சொல்லவில்லை என்பது எனக்கு இன்னும் வருத்தம். இயலாமை தொடங்கிய பின் ஐந்து முழு மாதங்கள் காத்திருப்புக் காலம் என்பதால் எங்களுக்கு உதவித்தொகை உரிமை 2022 செப்டம்பரில் தொடங்கியது. அதிலிருந்து 24 மாதம் கழித்து, அதாவது 2024 செப்டம்பர் முதல் மெடிகேர் உரிமை. இது எங்களுக்குத் தீர்ப்புக்குப் பின் வந்த கடிதத்தில்தான் தெரிந்தது. அதற்குள் தனியார் காப்பீட்டுக்கு மாதாமாதம் பெரும் தொகை கட்டிக்கொண்டிருந்தோம். ஒரு மின்னஞ்சலில் சொல்லியிருக்கலாம். மேலும், நீதிபதி விசாரணைக்கு அடுத்த படியாக நிர்வாகத்துக்குள்ளேயே இருக்கும் மேல்முறையீட்டு மன்றத்தோடு அவருடைய அதிகாரம் முடிகிறது. அதிலும் தோற்றால் கூட்டாட்சி நீதிமன்றத்துக்கு வழக்கறிஞர் மட்டுமே உங்களைப் பிரதிநிதித்துவம் செய்து கொண்டுபோக முடியும். இதை அவர் முதல் நாளே சொன்னார் என்றாலும், அப்படி நேர்ந்தால் யாரிடம் போவது என்பதற்கு அவரிடம் ஏற்பாடு எதுவும் இல்லை. ஆவணங்கள் சிக்கலாகவும் தோல்வியின் வாய்ப்பு அதிகமாகவும் உள்ளவர்கள் இதை எடைபோட்டுப் பார்க்க வேண்டும்.

நம்மவர்களுக்காக அவர் சொன்ன சிலவற்றையும் சேர்க்கிறேன். இந்தியாவோடும் இலங்கையோடும் அமெரிக்காவுக்குச் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் இல்லை. அங்கே உழைத்த ஆண்டுகள் இங்கே கணக்கில் சேராது. என் கணவரின் வயதில் உள்ளவர் பொதுவாக வேலையை விடுவதற்கு முந்தைய பத்து ஆண்டுகளில் ஐந்து ஆண்டுக்கு ஈடான பங்களிப்பு செய்திருக்க வேண்டும். வேலையை விட்டு நெடுநாள் கழித்து விண்ணப்பிப்பவர்கள், அந்தப் பங்களிப்பால் கிடைத்த காப்பு முடிந்த நாளுக்கு முன்பே இயலாமை தொடங்கியதை நிறுவ வேண்டும். எங்கள் தெருவில் ஒரு அக்காவின் வழக்கை இவர் எடுக்க மறுத்தது அதனால்தான். அந்த நாள் கடந்து மூன்றாண்டு ஆகியிருந்தது, அதற்கு முந்தைய மருத்துவப் பதிவு ஒன்றும் இல்லை. மறுத்தாலும் காரணத்தை எழுத்தில் கொடுத்தார். ஆங்கிலம் பேச இயலாமை முன்பு சில வயதினருக்குச் சாதகமான அம்சமாக இருந்தது. 2020 ஏப்ரலில் அது விதிகளிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. பழைய தகவலை நம்பிக் கோயில் கூட்டங்களில் ஆலோசனை சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இந்தச் சேவையை யாருக்குப் பரிந்துரைப்பேன் என்றால், முதல் மறுப்பு வந்துவிட்ட, தொடர்ந்து மருத்துவரிடம் போய்வரும், தன் அன்றாடத்தை உட்கார்ந்து பொறுமையாகச் சொல்லத் தயாராக இருக்கும் குடும்பத்துக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன். எந்தப் பிரதிநிதியை அழைத்தாலும் முதல் அழைப்பில் மூன்றைக் கேட்டுவிடுங்கள்: நேரடிக் கட்டணத் தகுதி உண்டா, விசாரணை நாளில் பேசப்போவது நீங்களா அல்லது வேறொருவரா, என் கோப்பை எப்போது முழுதாகப் படிப்பீர்கள்? எங்கள் பழைய நிறுவனத்திடம் மூன்றாவது கேள்வியைக் கேட்கும் எண்ணமே எங்களுக்கு அப்போது தோன்றவில்லை. தீர்ப்புக்குப் பிறகும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நிர்வாகம் நோய்நிலையை மறுபரிசீலனை செய்யும்; எங்கள் ஒப்பந்தத்தில் அது சேராது, அப்போது புதிதாகப் பேசிக்கொள்ள வேண்டும். அதை எண்ணித்தான் அந்த நோட்டுப் புத்தகத்தில் என் கணவர் இன்னும் எழுதிவருகிறார். கை நடுங்கும் நாட்களில் அவர் சொல்ல நான் எழுதுகிறேன்.